கிலோமீட்டருக்குப் பதினான்கு

ஆல்டாவில் ஒரு கருங்கல் விளிம்பு
பின்சக்கரத்தின் விலாவைக் கிழித்தது.
பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒட்டு கிடையாது என்றான் யார்லே.
அக்டோபர் கடைசி. ஊர் மொத்தமும் அவன் கடை வாசலில்
ஆணி பதித்த டயருக்கு வரிசை கட்டி நிற்கிறது.
என் அளவு கையிருப்பில் இல்லை.

“இது கொஞ்சம் குட்டை. பின்னால் இரண்டுக்கும் இதையே போடுகிறேன்.
ஓர் அச்சில் ஜோடி மாறக் கூடாது, அவ்வளவுதான்.
முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தண்டு இல்லாத வண்டி உங்களுடையது.
ஆளுக்கொரு மோட்டார். உடைவதற்கு எதுவும் இல்லை,
குழம்புவதற்குத்தான் ஒன்று இருக்கிறது”
என்று திரையை விரலால் தட்டினான்.

பெரியது நானூற்று முப்பது தடவை சுற்றும் தூரத்தைக்
குட்டை நானூற்று நாற்பத்து நான்காகச் சுற்றும்.
ரசீதின் முதுகில் கணக்கு எழுதிக் கொடுத்தான்.
கௌத்தொகைனோவுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர்.
மீதியை நானே பெருக்கிக்கொண்டேன்:
ஆயிரத்து எண்ணூற்று இருபது.
எந்த ஊருக்கும் போகாத சுற்றுகள்.

காருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று:
கூடுதலாய்ச் சுற்றும் சக்கரம்
வழுக்கும் சக்கரம்.
காய்ந்த தார்ச்சாலை, வெயில்கூட இருந்தது.
மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது.
பின்மோட்டாரின் மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிறது,
விடுகிறது,
இழுக்கிறது.

மற்றவர்களின் காது இருந்தால் சும்மா போயிருப்பேன்.
பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும்
பியானோ சுருதி சேர்ப்பவள் நான்.
முன்மோட்டார் ஒரு ரீங்காரம்.
பின்மோட்டார் அதைவிட அரைச்சுரத்தில் பாதி ஏறி
இன்னொன்று.
இரண்டும் உரசும் இடத்தில் ஒரு துடிப்பு,
எண்பதில் போனால் நொடிக்கு ஒன்பது,
எழுபதில் எட்டு.
ஸ்டீயரிங்கின் மேல் என் விரல்கள்
முடுக்குவதற்கு ஓர் ஆணியைத் தேடின.

மாசே தாண்டி, ஆறு சாலையை ஒட்டி வரும் வளைவில்
பனிக்கட்டி நிஜமாகவே வந்தது.
அதே விளக்கு. அதே சிமிட்டல்.
புலி வருது புலி வருது என்று
எழுபது கிலோமீட்டராய்க் கத்தியவன்
வேறு எந்தக் குரலில் கத்துவான்?
துடிப்புதான் முதலில் குலைந்தது:
ஒன்பது, ஒன்பது, பதினொன்று,
அப்புறம் எண்ண முடியாத ஒன்று.
காலை முழுக்க எடுக்கக் கூடாது,
எடுத்தாலே பிரேக் பிடிக்கும் ஜாதி இந்த வண்டி.
பாதத்தை நூலளவு தளர்த்தினேன்.
பிர்ச் மரங்கள் பக்கவாட்டில் நாலடி நடந்து
யோசித்து
தத்தம் இடத்துக்குத் திரும்பின.

பள்ளியில் ஈசாத் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.
“இந்தத் தடவை சரியாக வைத்துவிடுங்கள், ஹெர்டிஸ்.”
சரியாக வைத்தால் பியானோ உருப்படாது என்பதை
பத்து வருடமாக அவரிடம் சொல்லவில்லை.
ஒவ்வொரு ஐந்தாம் சுரத்தையும்
மயிரிழை குறுக்கித்தான் கட்டுகிறேன்.
பிசகைப் பன்னிரண்டாய்ப் பங்கு போட்டு
யார் தலையிலும் முழுதாய் விழாதபடி.
மொத்தத்தையும் ஒரே இடத்தில் விட்டால்
அந்த மூலை ஓநாயாய் ஊளையிடும்.
யார்லேயும் பங்குதான் போட்டான், இரண்டு இரண்டாக.
போதவில்லை.
ஊளை என் இருக்கைக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது.

நான்கு மணிக்கு இருட்டிவிட்டது.
யார்லேயின் செய்தி: உங்கள் அளவு வந்துவிட்டது.
அடுத்த வரியில்: ஒன்றுதான்.
இன்னொன்று கப்பலில் இருக்கிறதாம்,
எந்தக் கப்பல் என்று எழுதவில்லை.

கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டு
அறுபதில் திரும்புகிறேன்.
ஏறக்குறைய ஏழு.
மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது.
தெரியும், தெரியும் என்கிறேன் அதனிடம்.
மாசே வளைவு நெருங்கியதும்
ரேடியோவை அணைக்கிறேன்,
எண்ண வேண்டும்.